பினாட்டுக்குட்டி ஆருடைய பிள்ளை?

பாலைமுறிப்பில் ரோட்டு வாய் திறந்தது ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு பத்து பஸ் குளக்கட்டைத் தாண்டி, புதிதாகச் சல்லிக்கல் பரவிய துண்டில் முன்சில்லை வைத்த நேரம். "கொழுக்கட்டை" என்றது. ஆடு குறுக்கே விழுந்தாலும் ஹோர்ன் அடித்துவிட்டுப் போகிற சாரதி குகதாசன், யாரோ இறங்கக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பிரேக் போட்டான். யாரும் இறங்கவில்லை. பஸ் மறுபடி உருண்டது, "கொழுக்கட்டை" என்றது ரோட்டு, இந்த முறை கொஞ்சம் பலமாக, காது கேட்காதவருக்குச் சொல்வதுபோல. மூன்றாவது சீற்றில் மடியில் கத்தரிக்காய்ப் பையோடு இருந்த அன்னபூரணம் அக்கா, யோசிக்காமல், அடுப்படியில் நின்று குரல் கொடுப்பதுபோல, "என்னடா, ஆக்களுக்கு முன்னால" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு வருடமாக மகனின் அந்தப் பெயரை அவரும் சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

யாரும் வாயில் கை வைக்கவில்லை. எங்கள் ஊரில் பனையின் தலையில் சைக்கிள் தொங்கியதைக் கண்டிருக்கிறோம், கிணறு இறைத்து ஷெல் எடுத்திருக்கிறோம், செத்துப்போனார் என்று அந்திரட்டி செய்து முடித்த ஒருவர் மூன்றாம் மாதம் முகாமிலிருந்து நடந்து வந்து, தன் அந்திரட்டிக்கு யார் யாரைக் கூப்பிட்டீர்கள், யாரைக் கூப்பிடாமல் விட்டீர்கள் என்று சண்டை பிடித்ததையும் பார்த்திருக்கிறோம். ரோட்டு பேசுவதெல்லாம் எந்த மூலைக்கு. பஸ்ஸில் இருந்தவர்கள் கேட்ட ஒரே கேள்வி, ரோட்டுக்குக் கொழுக்கட்டையை எப்படித் தெரியும் என்பதுதான், அதற்கும் ஆஸ்பத்திரிச் சந்தி வருவதற்குள் விடை கிடைத்துவிட்டது.

சண்டைக் காலத்தில் ஊருக்குத் தெற்கே, முதிரை மரங்களுக்கு நடுவே, இயக்கத்துக்குப் போய்ச் செத்த பிள்ளைகளைப் புதைத்த துயிலுமில்லம் இருந்தது. வரிசை வரிசையாக இருநூற்றுப் பதினொரு கல்லறை. சண்டையில் நாங்கள் தோற்றோம். தோற்றவர்களுக்குக் கல்லறை எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, பெரிய மெசின்கள் வந்து எல்லாவற்றையும் இடித்து, நொறுக்கி, ஒரு குன்றாகக் குவித்துவிட்டுப் போயின. அந்தக் குன்றில் ஒன்பது வருடம் புல் முளைத்தது, ஆடு ஏறியது, மழை பெய்தது, நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினோம். பிறகு அபிவிருத்தி வந்தது. குளக்கட்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சந்தி வரை ரோட்டுக்குக் கல் தேவைப்பட்டது, தூரத்திலிருந்து ஏற்றி வருவானேன், கையெட்டும் தூரத்தில் நொறுக்கிய கல்லே கிடக்கிறதே என்று கொந்தராத்துக்காரர் குன்றை அள்ளிப் பரவிவிட்டார். பிள்ளைகள் அத்தனை பேரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று பெயர். ஒன்று பிறப்புப் பதிவில் இருப்பது, அது பள்ளிக்கூடத்துக்கு. அடுத்தது இயக்கம் வைத்தது, கேட்டாலே நெஞ்சு நிமிருகிற பெயர், அது கல்லறைக்கு. மூன்றாவது வீட்டுப் பெயர், அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இடையில் மட்டும் செல்லுபடியாவது, பெடியனுக்கு மீசை அரும்பியதும் "இனி அப்பிடிக் கூப்பிடாதேங்கோ அம்மா" என்று அவனைக் காலைப் பிடிக்க வைப்பது. கல்லில் வெட்டியிருந்தது இரண்டாவது. ரோட்டு சொன்னது மூன்றாவது. கல் நொறுங்கினபோது மேற்பெயர் தூளாய்ப் போய் உள்பெயர் வெளியே வந்திருக்கும் என்றான் குகதாசன். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை, எங்களுக்கு வேறு வேலை இருந்தது.

வேலை என்றால், பதில் சொல்கிற வேலை. பாரமான எது ஏறினாலும் ரோட்டு ஒரு பெயரைச் சொல்லும், பஸ்ஸுக்குச் சொல்லும், உழவு மெசினுக்குச் சொல்லும், சைக்கிளுக்குச் சொல்லாது. குரல் ஆணுமில்லை பெண்ணுமில்லை, ஆஸ்பத்திரியில் துண்டு இலக்கம் கூப்பிடுகிறவரின் குரல் மாதிரி ஒரு சலித்த குரல், அது எந்தப் பிள்ளையுடைய குரலும் இல்லை என்பதில் எல்லாத் தாய்மாரும் ஒத்துப்போனார்கள். அந்தப் பெயருக்குரிய வீட்டார் யாராவது வாய் திறந்து பதில் சொன்னால் அடுத்த பெயருக்குப் போகும். சொல்லாவிட்டால் அதே பெயரில் நிற்கும், நாள் கணக்கில் நிற்கும், வெட்கம் மானம் இல்லாமல் நிற்கும்.

ஒரு மாதத்துக்குள் ஊர் இதற்கு ஒரு ஒழுங்கு கண்டுபிடித்துவிட்டது. குளக்கட்டு முடிந்ததும் பஸ்ஸில் பேச்சு நிற்க வேண்டும், பாட்டு நிற்க வேண்டும், கைக்குழந்தை அழுதால் தாய் பால் கொடுக்க வேண்டும், குகதாசன் இரண்டாம் கியரில் போக வேண்டும். சந்தையில் அலுவல் இல்லாத பெண்களெல்லாம் சீலை மாற்றிப் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறி, ஒரு கிலோமீற்றர் போய் இறங்கி, நடந்து வீடு திரும்பினார்கள். பெயர் கிடைத்தவர் அன்று சோறு சமைப்பதில்லை, அயலவர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் ஒரு சுட்டி விளக்கு வைத்தாலும், ஆருக்கு வைக்கிறாய் என்று பொலிஸ் கேட்ட ஊர் இது. முருகனுக்கு என்றால், எந்த முருகன், தகப்பன் பெயர் என்ன என்பார்கள், சிவன் என்று சொல்லுவோம், எழுதிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளையின் பெயரைப் பட்டப்பகலில், அரசாங்க ரோட்டில், அரசாங்கம் போட்ட கல்லே சொல்லக் கேட்பது என்றால் சும்மாவா.

பெயர்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எதிரியின் டாங்கிக்கு முன்னால் தனியாக நின்றான் என்று ஊரே கொண்டாடிய ஒரு தளபதி, ஒரு காலத்தில் அவன் படம் ஒட்டாத மதில் இல்லை, அவனை ரோட்டு "பல்லிக்குப்பயந்தான்" என்றது, அவன் தகப்பன் பின்சீற்றிலிருந்து எழும்பி, "ஓம், இப்பவும் பயம்தானோ ராசா" என்று கேட்டுவிட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கடற்படகில் போய்த் திரும்பாத ஒரு பெண்பிள்ளையை "நெட்டைக்கொக்கு" என்றது, தங்கைக்காரி யன்னலால் தலையை நீட்டி, "நீதான்டி கொக்கு" என்று பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "குண்டுமணி" என்றபோது இரண்டு தாய்மார் எழும்பி, ஆருடைய குண்டுமணி என்று பஸ்ஸுக்குள்ளேயே கொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ரோட்டு மறுநாளும் ஒருமுறை "குண்டுமணி" என்ற பிறகுதான் ஊர் அமைதியானது.

பொலிஸ் வந்தது. வராமல் இருக்குமா. இன்ஸ்பெக்டர் விஜேகோன் தென்னிலங்கைக்காரர், ஓரளவு தமிழ் தெரியும், கூட்டிவந்த சார்ஜன்ட் நசீருக்கு முழுத் தமிழும் தெரியும். செத்துப்போன இயக்கக்காரரின் பெயரைப் பொது இடத்தில் சொல்லி நினைவுகூருவது குற்றம் என்று இன்ஸ்பெக்டர் பஸ்ஸின் படியில் நின்று வாசித்தார். "எந்தப் பெயர் சேர்?" என்று குகதாசன் பணிவாகக் கேட்டான். இன்ஸ்பெக்டரிடம் ஒரு பட்டியல் இருந்தது, அதில் பிறப்புப் பெயரும் இருந்தது, இயக்கப் பெயரும் இருந்தது, ஆனால் கொழுக்கட்டை இல்லை, பல்லிக்குப்பயந்தான் இல்லை. அவர் நேர்மையான மனிதர், இரண்டு தரம் தேடினார். பிறகு மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பதினைந்து நாளில் பதில் அனுப்பியது: கொழுக்கட்டை என்பவரின் வயது, அடையாள அட்டை இலக்கம், தற்போதைய வதிவிடம் ஆகியவற்றை உடனே அறிவிக்கவும். சார்ஜன்ட் நசீர் விசாரித்து எழுதினார்: அரிசிமாவால் ஆனது, உள்ளே பயறும் சர்க்கரையும், தற்போதைய வதிவிடம் தெரியவில்லை.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் ஜீப்பை ஓரமாக விட்டுவிட்டு, விசாரணைக்காக என்று பஸ்ஸிலேயே ஏறிப் போனார். இறங்கும்போது குகதாசனிடம், தன்னை வீட்டில் சூட்டி, சிங்களத்தில் சின்னவன், என்று கூப்பிடுவார்கள் என்றும், தன் தம்பி ஒருவன் பட்டாளத்தில் இந்தக் காட்டுக்குள்தான் காணாமல் போனான் என்றும், அவனுக்கு வீட்டில் வேறு பெயர் இருந்தது என்றும் சொன்னார். அந்தப் பெயர் என்ன என்று சொல்லவில்லை. குகதாசன் இதை யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினான், மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரியும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நூற்றுத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அப்போதுதான் ரோட்டு ஒரு புதன்கிழமை "பினாட்டுக்குட்டி" என்றது, யாரும் பதில் சொல்லவில்லை.

பினாட்டு தெரியாதவர்களுக்கு: பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்து, பாயில் ஊற்றி, வெயிலில் காயவைத்து உரிக்கிற கறுத்த இனிப்பு. கையில் ஒட்டினால் கழுவினாலும் போகாது. அப்படி ஒரு பெயரை ஒரு பிள்ளைக்கு வைத்தவர் யார் என்று ஊர் தலையைப் பிய்த்துக்கொண்டது. வியாழன் சொன்னது, வெள்ளி சொன்னது, கிழமைகள் போயின, ரோட்டு அதிலேயே நின்றது. பின்னால் இன்னும் பதினொரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், அவர்களுக்காகப் பதினொரு வீட்டார் காலையில் குளித்துத் தலைவாரி பஸ் ஏறி, பினாட்டுக்குட்டியைக் கேட்டுவிட்டு, ஏமாந்து நடந்து வந்தார்கள்.

அவர்களோடு தினமும் ஏறியவர்களில் ஒருத்தர் கனகாம்பிகை அக்கா. அவர் ஓய்வுபெற்ற அதிபர் ஏரம்பமூர்த்தி மாஸ்ரரின் மனைவி, அவர்களுடைய ஒரே பிள்ளை ஞானச்செல்வன் அந்தத் துயிலுமில்லத்தில்தான் கிடந்தான். மற்றத் தாய்மாருக்கு இருந்த பயம் ரோட்டு எப்போது கூப்பிடும் என்பது. கனகாம்பிகை அக்காவின் பயம் வேறு. அவருடைய பிள்ளைக்கு வீட்டுப் பெயரே இல்லை.

மாஸ்ரர் விடவில்லை. பதிவிலே என்ன பெயரோ அதுதான் மனிதனுக்குப் பெயர், அதைக் குறுக்கவும் கூடாது நீட்டவும் கூடாது என்பது அவருடைய சட்டம். கடைக்காரன் "மணியம்" என்று போட்ட விளம்பரப் பலகையைக்கூட "சுப்பிரமணியம் என்று எழுதும்" என்று சொல்லி இறக்கி வைத்தவர். அவர் வீட்டில் தொட்டிலில் கிடந்த பிள்ளையையே "ஞானச்செல்வன்" என்றுதான் கூப்பிட வேண்டும், கொஞ்சுவதென்றாலும் முழுப்பெயரையும் சொல்லிக் கொஞ்ச வேண்டும். வீட்டில் அவர் அப்பா, பள்ளிக்கூடத்தில் சேர், மாறிக் கூப்பிட்டால் பிரம்பு. பிள்ளை பதினெட்டு வயதில், பரீட்சைக்கு இருபது நாள் இருக்கும்போது, இயக்கத்துக்குப் போனான். மறுநாள் காலைக் கூட்டத்தில் முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் மாஸ்ரர், "அப்படி ஒரு பிள்ளை எனக்கு இல்லை" என்று அறிவித்தார். அவனுடைய உடல் ஊருக்கு வந்து ஒலிபெருக்கியோடு பள்ளிக்கூட வாசலைக் கடந்து போனபோது, அவர் ஏழாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தார், சோக்கைக் கீழே வைக்கவில்லை. கனகாம்பிகை அக்கா கோயிலுக்கு என்று சொல்லி வாசல் படலையால் இறங்கி, தனியாகப் போய் மண் போட்டுவிட்டு வந்தார். எங்களுக்கு மாஸ்ரரில் கோபம் அன்றிலிருந்து. ஆனாலும் ஊரில் எந்தச் சங்கத்துக்குத் தலைவர் தேவைப்பட்டாலும் அவரையேதான் போட்டோம், கடிதம் எழுத அவரைவிட்டால் ஆளில்லை.

ஆகவே பினாட்டுக்குட்டிக்கு உரியவரைக் கண்டுபிடிக்க ஊர் கூடியபோதும் மாஸ்ரர்தான் தலைமை. பொதுநோக்கு மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, முதலாவது பொருள் என்று தொடங்கி, "மேற்படி பெயருக்குரியவர் சபையில் இருந்தால் கை உயர்த்தலாம்" என்றார். யாரும் உயர்த்தவில்லை. "மேற்படி பெயரை முன்னெப்போதாவது கேட்டவர்கள்?" இல்லை. இரண்டு மணி நேரம் மேற்படி, மேற்படி என்றாரே தவிர அந்தப் பெயரை ஒருமுறையாவது வாயால் சொல்லவில்லை. இனிப்பான பெயர், அவருடைய வாய்க்கு ஒத்துவராது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

கடைசியில் பொன்னுத்துரை எழும்பினார். கலியாணமே செய்யாத மனிதர், யார் அழுதாலும் தாங்காதவர். "நான் ஏற்கிறன்" என்றார். "ஆருமில்லாட்டி நான் தேப்பன். பின்னால நிக்கிற பிள்ளையளை வர விடோணும்." சபை கை தட்டியது. மறுநாள் வேட்டி சால்வையோடு பஸ் ஏறி, ரோட்டு பினாட்டுக்குட்டி என்றதும் எழும்பி நின்று, "ஓம் மகனே, அப்பா வந்திட்டன்" என்று உரத்துச் சொன்னார். ரோட்டு கொஞ்சம் யோசித்தது. பிறகு, "பினாட்டுக்குட்டி" என்றது. ரோட்டு சிரித்தது என்று முன்சீற்றில் இருந்தவர்கள் சொன்னார்கள், சில்லில் கல் சிக்கியது என்று பின்சீற்றில் இருந்தவர்கள் சொன்னார்கள், பொன்னுத்துரை சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இதற்கிடையில் மேலிடத்துக்குக் கொழுக்கட்டை விசயம் அலுத்துப்போனது. ரோட்டைக் கைது செய்ய முடியாது, தார் ஊற்றலாம். வருகிற வியாழக்கிழமை குளக்கட்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சந்தி வரை காபெற் தார் போடப்படும் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். முப்பது வருடமாகக் காபெற் ரோட்டு கேட்டு மனுப் போட்ட ஊர் நாங்கள், அந்த மனுக்கள் எல்லாம் மாஸ்ரர் எழுதியவை, இப்போது வேண்டாம் என்று மனு எழுதித் தாருங்கள் என்று அவரிடமே போய் நின்றோம். அவர் எழுதினார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பதில் வரவில்லை.

புதன்கிழமை பின்னேரம் கனகாம்பிகை அக்கா மாஸ்ரருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். இது அக்காவே பிறகு எங்களுக்குச் சொன்னது.

"இஞ்சருங்கோ, நாளைக்குத் தார் ஊத்தினா அவ்வளவுதான். ரோட்டு அவனை என்னெண்டு கூப்பிடப்போகுது? கூப்பிட ஒரு பேர் இல்லையே. உங்களுக்குப் பயந்து நான் அவனுக்கு ஒரு பேரும் வைக்கேல்லை."

"ஞானச்செல்வன் எண்டு பேர் இருக்குத்தானே."

"அது உங்கட பள்ளிக்கூட இடாப்புக்கு. எனக்கு?"

மாஸ்ரர் தேத்தண்ணியைக் குடித்தார். சீனி போடவில்லை என்று சொல்லவில்லை. அக்கா வேண்டுமென்றேதான் போடாமல் விட்டிருந்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு எல்லாம் வந்து இறங்கின. தார் பவுசர், தண்ணீர்ப் பவுசர், காபெற் மெசின், கல்லும் மண்ணும் நசிக்கிற பன்னிரண்டு தொன் உருளை. அசம்பாவிதம் நடக்காமல் பார்க்க இன்ஸ்பெக்டர் விஜேகோன் நின்றார். அசம்பாவிதம் செய்ய நாங்கள் எல்லோரும் போயிருந்தோம், ஆனால் என்ன செய்வது என்று தெரியாததால் ஓரமாக வரிசையில் நின்றோம். முதலில் ரோட்டை இறுக்க வேண்டும் என்று உருளையை வெறும் கல்லில் ஓட்டினார்கள். அத்தனை பாரம் அதுவரை அந்த ரோட்டில் ஏறியதில்லை.

"பினாட்டுக்குட்டி!" என்றது ரோட்டு.

குளத்தில் நின்ற கொக்கெல்லாம் எழும்பின. ஆஸ்பத்திரியில் ஊசிக்கு நின்றவர்கள் வெளியே ஓடி வந்தார்கள். உருளை உருளும் தூரமெல்லாம் பினாட்டுக்குட்டி, பினாட்டுக்குட்டி என்று அது கத்தியது, பக்கத்து ஊரில் மாடு கட்டிக்கொண்டிருந்தவர் தன்னைத்தான் யாரோ பழிக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டாராம். பின்னால் குளக்கட்டுப் பக்கமிருந்து தார் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். தார் மூடிய துண்டிலிருந்து சத்தம் அமுங்கியது, தலையணைக்குள் பேசுவதுபோலக் கேட்டது, பிறகு இல்லை. பதினொரு வீட்டாரும் தார் வரவர முன்னால் நகர்ந்தார்கள்.

அப்போது ஆஸ்பத்திரிச் சந்திப் பக்கமிருந்து மாஸ்ரர் குடையோடு நடந்து வந்தார். அந்த நடையைக் கண்டால் ஐம்பது வயது ஆளும் கதையை நிறுத்துவார், நாங்களும் நிறுத்தினோம். நேராக வந்து உருளைக்கு முன்னால் நின்றார். உருளைக்காரர் ஹோர்ன் அடித்தார். "மாஸ்ரர், ஒதுங்குங்கோ, ஆபத்து" என்றார் இன்ஸ்பெக்டர். "சத்தம் போட வேண்டாம்" என்றார் மாஸ்ரர். உருளைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் மெசினை நிறுத்திவிட்டார்.

மாஸ்ரர் குனிந்து ரோட்டைப் பார்த்து, "ஞானச்செல்வன்" என்றார்.

ரோட்டு பேசவில்லை.

தொண்டையைச் செருமி, "ஏரம்பமூர்த்தி ஞானச்செல்வன்" என்றார்.

"பினாட்டுக்குட்டி" என்றது ரோட்டு, மெதுவாக.

அவர் எங்களைப் பார்த்தார். அவரிடம் அடி வாங்காத ஒருவர்கூட அங்கே இல்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு குடையை விட்டார், முழங்காலை மடித்துக் கல்லில் குந்தினார், இரண்டு கையையும் ரோட்டில் ஊன்றினார்.

"ஓம், என்ர பினாட்டுக்குட்டி" என்றார். "அப்பாதான். அப்பா நிக்கிறன்."

பொன்னுத்துரைக்கு ஒரு சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது, பாதியிலேயே அது வேறொன்றாகிவிட்டது. மாஸ்ரர் எங்களுக்கல்ல, ரோட்டுக்கே சொல்வதுபோலச் சொன்னார்: "சைக்கிள் பாறில இருப்பான். வீட்டில அப்பா, பள்ளிக்கூடத்தில சேர். நடுவில இந்த ரோட்டுத் தூரம்தான் எங்களுக்கு. ரெண்டு கையாலயும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வருவான், வாசல் வந்தாலும் விடமாட்டான், ஒட்டிக்கொண்டு நிப்பான். பினாட்டுக்குட்டி, விடடா, ஆக்கள் பாக்கினம் எண்டுவன்." ரோட்டில் ஊன்றியிருந்த தன் கையைப் பார்த்தார். "ஆக்கள் பாக்கினம் எண்டுவன்."

ரோட்டு விட்டது. அடைத்த வாய்க்கால் திறந்ததுபோல மற்றப் பதினொரு பெயரும், உருளை உருளாமலே, பாரம் ஏறாமலே, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, சோளம், மொட்டைப்பாப்பா, கறுவல், தாராக்குஞ்சு என்று வந்தன, வீட்டார் தாரை முந்திக்கொண்டு ஓடி ஓடிப் பதில் சொன்னார்கள், "இஞ்ச நிக்கிறன்", "சொல்லடா", "வந்திட்டன் பிள்ளை" என்று ரோட்டு நெடுகச் சத்தம். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பேரும் முடிந்தார்கள். ரோட்டு ஓய்ந்தது.

ஓயாதவர் கனகாம்பிகை அக்கா. அவர் அழவில்லை. குந்தியிருந்த மாஸ்ரருக்கு முன்னால் வந்து, முப்பத்தைந்து வருடத்தில் முதல்தடவையாக, ஊருக்கு முன்னால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"உங்களுக்கு மட்டும் ஒரு பேர் வைச்சனீங்களோ?"

அக்கா இன்னும் ஒரு அடி கிட்ட வந்தார்.

"எனக்குச் சட்டம் போட்டிட்டு, நீங்கள் படலைக்கு அங்கால போய்க் கொஞ்சினனீங்களோ? நான் வாய்க்குள்ள வைச்சு வைச்சு விழுங்கின பேர் எனக்கொண்டு இருந்தது, தெரியுமோ? தெரியுமோ உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது" என்றார் மாஸ்ரர். "சொல்லும். இப்ப சொல்லும்."

தார் ஊற்றிக்கொண்டு வந்தவர்கள் அவர்களுக்குப் பத்தடி தூரத்தில் வந்துவிட்டிருந்தார்கள், நிறுத்துவதா விடுவதா என்று தெரியாமல் மெசின் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கனகாம்பிகை அக்கா ரோட்டில் உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளை, உள்ளங்கையில் அடங்கியது, அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் மனதுக்குள் வைத்த பெயர், ஒருநாளும் வெளியே விடாத பெயர்.

"சுண்டெலி" என்றார். "என்ர சுண்டெலி."

ரோட்டு பெயர் சொல்லுமே தவிர, யாருக்கும் பதில் சொன்னதில்லை. அத்தனை தாய்மார் அத்தனை கேள்வி கேட்டும் ஒன்றுக்கும் வாய் திறந்ததில்லை. எங்களுக்கு அது தெரியும், அதனால் நாங்கள் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை, அக்காவைத் தூக்கி விடத்தான் கிட்டப் போனோம்.

"என்னம்மா?" என்று கேட்டது.

அது ரோட்டின் குரல் இல்லை. உடைந்தும் உடையாமலும் இருக்கிற, பதினெட்டு வயதுப் பெடியனின் குரல். மாஸ்ரர் அப்படியே கல்லில் நெற்றியை வைத்துவிட்டார். அக்காவுக்கு அடுத்ததாக என்ன கேட்பது என்று தெரியவில்லை, இத்தனை வருடமாகக் கூப்பிடுவதைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறார், அவன் என்னம்மா என்று கேட்பான் என்று யோசிக்கவில்லை. புகை பறக்கத் தார் அவருடைய சீலைத் தலைப்புக்குக் கிட்ட வந்தது. அதைப் பார்த்தார்.

"சுடுதோடா?" என்று கேட்டார்.

கொஞ்சம் தாமதித்து, "இல்லையம்மா" என்றான்.

கனகாம்பிகை அக்கா எழும்பினார். நேராக இன்ஸ்பெக்டர் விஜேகோனிடம் போனார்.

"பொய் சொல்லுறான்" என்றார். "தண்ணி கொண்டுவாங்கோ."

இன்ஸ்பெக்டர் எந்தச் சட்டத்தில் என்று கேட்கவில்லை, மேலிடத்துக்கு எழுதவில்லை, தொப்பியை நசீரின் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர்ப் பவுசரை நோக்கி ஓடினார்.